உப்புப் போடாத மாவு

நிழல் இன்னும் எங்களைத் தொடவில்லை, அதுவரை எதை வேண்டுமானாலும் நினைக்கலாம், அதனால் நினைக்க வேண்டியதையெல்லாம் இப்போதே நினைத்துத் தீர்த்துவிட வேண்டும், நோன்பு தொடங்குமுன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறவர்களைப் போல. என் தம்பி ஜவ்ஹர், சுர்மா என்கிற ஒட்டகத்தின் இடப்பக்கத்து மூட்டையில், உப்புக் கட்டிகளுக்கு நடுவே மடங்கிக் கிடக்கிறான். இதோ நினைத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மேற்கு வாசல் கோபுரத்தின் நிழல் அங்கே முன்னால், புழுதியில், நனைந்த கம்பளி மாதிரி விரிந்து கிடக்கிறது. வெயில் சாயச் சாய அது எங்களை நோக்கி நீள்கிறது, நாங்களும் அதை நோக்கி நகர்கிறோம், கஸ்வீரா நகரத்தை விட்டு வெளியே போக வேறு வழி கிடையாது, கிழக்கே கடல். கோபுரத்து வளைவில் செம்புக் கூண்டுக்குள் ஒரு ஜின்னைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கண்ணைத் தைத்துவிட்டார்கள், காதை மட்டும் விட்டுவைத்தார்கள். கோபுர நிழல் எவ்வளவு தூரம் விழுகிறதோ அவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறவர்களின் மனசு அதற்குக் கேட்கும். கேட்டதில் எது பலமாக இருக்கிறதோ அதை உரக்கச் சொல்லும், சொல்கிறபோது நினைத்தவனுடைய குரலிலேயே சொல்லும், அதுதான் கொடுமை. உச்சி வெயிலில் நிழல் சுருங்கிவிடும் என்பதால் அப்போது கதவைத் திறப்பதில்லை. நிழல் ஆள் நீளத்தைத் தாண்டி, தெருவையே மூடுகிற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் திறப்பார்கள். எல்லாம் யோசித்துச் செய்கிறவர்கள்.

ஜவ்ஹருக்கு மூச்சு விட ஒரு நாணல் வைத்திருக்கிறேன். தையலின் இடுக்கில், கயிறு மாதிரி தெரியும்படி. விடியலில் நான்தான் தைத்தேன், வாப்பாவும் சாச்சாவும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள், எந்த மூட்டை, எந்த ஒட்டகம் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியக் கூடாது. உப்புக்காரர்களிடம் இது என்றைக்கோ வந்த வழக்கம், மறைக்கிற பொருளை ஒருவர் மட்டும் அறிந்திருக்க வேண்டும், மூன்று மனசில் இருந்தால் மூன்று வாயில் இருந்த மாதிரி. ஏன் நான் என்று கேட்டேன். சாச்சா, வாப்பாவின் தம்பி, எதையும் கேலியாகத்தான் சொல்வார், "உன் வாப்பா மனசு தகர டப்பா, புள்ள, ஒரு கல்லு விழுந்தாலும் ஊருக்கே கேக்கும்" என்றார். வாப்பா சிரிக்கவில்லை. ஜவ்ஹர் மூட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, "லாத்தா, மூக்கு அரிச்சா என்ன செய்ய?" என்றான். "அரிக்காம இருக்கணும்" என்றேன். "அது மூக்குக்குத் தெரியுமா?" என்றான். அதற்குமேல் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, உப்பை அடுக்கினேன், கழுத்துவரை, பிறகு மூட்டைத் தோலை இழுத்து மூடினேன். உப்பு அவன் கையைத் தின்னும், எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் உப்புக்குள் இருக்கும்போதுதான் அந்தக் கை ஒளிராமல் இருக்கிறது. போன மழைக்காலத்தில் அடுப்பங்கரையில் ஒரு கோழிமுட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே கதை பேசிக்கொண்டிருந்தான், கொஞ்ச நேரத்தில் அவித்த முட்டை வாசனை வந்தது, இரண்டு பேரும் அவன் கையைப் பார்த்தோம், விரல் நுனிகள் விடிகாலை வானம் மாதிரி சிவந்திருந்தன. நான் பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் ஓட்டை உடைத்து ஒரு கடி கடித்தான், "லாத்தா, உப்பு இருக்கா?" என்று கேட்டான். சனியன். அப்படித்தான் எப்போதும்.

கஸ்வீராவின் தெருவிளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவதில்லை. வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள், காற்றில் அணையவில்லையே, மழையில் அணையவில்லையே என்று. கை சிவக்கிற பிள்ளைகளைப் பதினாறு பதினேழு வயதில் பிடித்துக்கொண்டு போய்க் கண்ணாடிக்குள் அடைக்கிறார்கள், உடம்பை எல்லாம் இல்லை, உடம்பு மிச்சப்படும், அதைத் துணியில் சுற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவின் ஷம்ஸா மாமி தினமும் அந்தியில் ஜவுளிக்கடை முனையில் போய் நிற்பாள், அங்கே இருக்கிற விளக்கு அவள் மகன். அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு மீன் ஆணம்டா, முள்ளு நிறைய, உனக்குப் புடிக்காது, நல்லவேளை நீ இல்ல" என்பாள். போகிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஜவ்ஹரும் நானும் சின்ன வயதில் அந்த வெளிச்சத்தில்தான் கல்லாட்டம் ஆடினோம். அதை நினைத்தால் இப்போது என் காலுக்கடியில் ஏதோ வழுக்குகிறது, எந்த வெளிச்சத்தில் ஆடினோம், யாருடைய, அவன் பெயர் கூட நினைவில்லையே எனக்கு, மாமியிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். முன்னால் இருக்கிற பேரீச்சை வியாபாரியின் கழுதை நிழலுக்குள் போய்விட்டது. கழுதைக்கு ஒன்றுமில்லை, கழுதைகள் பாவம் செய்வதில்லை. வாப்பா திரும்பி என்னைப் பார்க்கிறார், பார்த்த உடனே பார்வையை விலக்கிக்கொள்கிறார், என் கண் எங்கே போகிறது என்று தற்செயலாகக்கூட அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நான் சுர்மாவைப் பார்க்காமல் இருக்கிறேன். சுர்மாவைப் பார்க்காமல் இருப்பதே சுர்மாவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்ற, எல்லா ஒட்டகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், அதில் சுர்மாவையும் சேர்த்து. ஜவ்ஹர், ஜவ்ஹர், ஜவ்ஹர். இன்னும் ஒரு தடவை. ஜவ்ஹர். போதும். போ. நான் கூப்பிடுகிறவரை வராதே.

மாவு. உம்மா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன நினைப்பு இது, உப்புக்கார வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் நினைப்பு உண்டு, நிழலுக்குள் காலை வைத்ததும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், வேறெதையும் எடுக்கக் கூடாது. மாவு. மரத்தொட்டி. தொட்டியின் ஓரத்தில் ஒரு விரிசல், அதில் பழைய மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறது. கோதுமை மாவைக் குவித்து நடுவில் குழி பறி. வெதுவெதுப்பாகத் தண்ணீர். விரலை விட்டுப் பார், சூடு தாங்குகிற அளவு, விரல், இல்லை, விரல் வேண்டாம், கரண்டி. தண்ணீரை ஊற்று, ஓரத்து மாவை உள்ளே தள்ளு. இப்போது என்ன போட வேண்டும். இப்போது அது போட வேண்டும். அதை எடுத்தால் கட்டி கட்டியாக வரும், கட்டிகளுக்கு நடுவே, வேண்டாம், அதைப் போடாமலே பிசை. ஒருநாள் போடாமல் ரொட்டி சுட்டால் குடியா முழுகிப்போகும். உள்ளங்கையால் அழுத்து, மடி, திருப்பு. அழுத்து, மடி. நிழல் குளிர்ச்சியாக இருக்கிறது, சட்டைக்குள் வியர்வை ஆறுகிறது, இவ்வளவு சுகமான குளிர்ச்சியை இதற்குள் ஏன் வைத்தார்கள். தலைக்கு மேலே செம்பு உரசுகிற சத்தம். கூண்டுக்குள் அது அசைகிறது. காய்ந்த பேரீச்சங்குலை மாதிரி, அவ்வளவுதான் இருக்கிறது, அதைப் பார்க்காதே, மாவைப் பார். முன்னால் நிற்கிற பேரீச்சை வியாபாரியின் குரல் அவன் தலைக்கு மேலே கேட்கிறது, அவன் வாய் மூடியிருக்கிறது: "இந்தத் தடியனோட மீசையப் பாரு, எலிவாலு மாதிரி." மீசைக்காரக் காவலன் திரும்புகிறான். வரிசை கொல்லென்று சிரிக்கிறது. "நான் சொல்லலீங்க, அதுதான் சொல்லிச்சு" என்கிறான் வியாபாரி, கன்னத்தில் ஓர் அறை விழுகிறது, போ என்று விட்டுவிடுகிறார்கள். சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வருகிறது, சிரிப்பு வருகிற இடத்திலிருந்துதான் மற்றதும் வரும், இரண்டுக்கும் ஒரே கதவு, மூடு. அழுத்து, மடி, திருப்பு. மாவு இப்போது மெத்தென்று ஆகிவிட்டது, காதுமடல் மாதிரி இருக்க வேண்டும் என்பாள் உம்மா. காது வேண்டாம். மெத்தென்று, வெறும் மெத்தென்று. ஈரத்துணியைப் போட்டு மூடு. மூடினால் மூச்சு, திற, திறந்தே இருக்கட்டும், மாவுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து அடுப்பு. அடுப்புப் பக்கம் போகாதே. அடுப்பில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். திரும்பி வா, இன்னும் பிசையவில்லை, நன்றாகப் பிசையவில்லை, முதலிலிருந்து. மரத்தொட்டி. விரிசல். குவி, குழி பறி, தண்ணீர். இப்போது போட வேண்டியது. சப்பென்று இருக்குமே. மேலே என் குரல் கேட்கிறது.

"சப்புன்னு இருக்கும்" என்கிறது ஜின், என் குரலில், என் குரல் இவ்வளவு சின்னதா, இவ்வளவு பிள்ளைக்குரலா.

"யாரது? அந்தப் புள்ளையா?" வாசல் தலைவன் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்கிறான். மாதுளை தின்றுகொண்டிருக்கிறான். "என்னம்மா, வாசல்ல நின்னு சமையலா?"

"ராத்திரிக்கு ரொட்டி, எசமான்" என்கிறேன். என் வாயால் சொல்கிற குரல் மேலே கேட்டதைவிட முதிர்ந்திருக்கிறது.

"கட்டிக்கப்போறவன் குடுத்துவைச்சவன். நின்னாலும் நடந்தாலும் சாப்பாடுதான்." சிரிக்கிறார்கள். வாப்பாவும் சிரிக்கிறார், சாச்சா கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார். மாவு. அழுத்து. மடி. தலைவன் எழுந்து எங்கள் ஒட்டக வரிசையோரம் நடந்து வருகிறான், விதைகளைத் துப்பிக்கொண்டே. வழக்கமாக வாசலுக்கு ஒரு மூட்டை கொடுப்போம், வாப்பா முன்னாலிருந்த ஒட்டகத்திலிருந்து ஒன்றை அவிழ்க்கப் போகிறார். "மூட்டை இல்ல, முதலாளி. இன்னிக்கு ஒட்டகத்தோட ஒண்ணு. அரண்மனைக் கிடங்கு காலி" என்கிறான் தலைவன். வாப்பாவின் கை முடிச்சில் நின்றுவிடுகிறது. "ஒட்டகத்தோடயா?" "நானே இழுத்துக்கிட்டா அநியாயம்னு தெருத்தெருவாச் சொல்வீங்க. நீங்களே காட்டுங்க, எதுன்னு." தண்ணீர். குவி. இல்லை, குவித்து, குழி. வாப்பா வரிசையைப் பார்க்கிறார். ஏழு ஒட்டகம். அவருக்கு எதுவும் தெரியாது, தெரியக் கூடாது என்று திரும்பி நின்றவர். அவர் மனசு எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறதோ, அவருடைய வாசல் நினைப்பு வலை பின்னுவது, முடிச்சு முடிச்சாக எங்கோ பின்னிக்கொண்டிருப்பார், ஆனால் கழுத்து நரம்பு துடிக்கிறது. கை நீள்கிறது. முன்னிருக்கிற கிழ ஒட்டகத்தைத் தாண்டுகிறது, அடுத்ததைத் தாண்டுகிறது, தண்ணீர், மாவு, கை காற்றில் தயங்கித் தயங்கி வருகிறது, குருடனின் கை சுவரைத் தேடுகிற மாதிரி, தொட்டி, விரிசல், கை சுர்மாவின் பக்கம் வருகிறது. எனக்குள் ஏதோ மேலேறி வருகிறது, வரக் கூடாது, அதன் தலையைப் பிடித்து அமுக்கு, அதன் இடத்தில் வேறெதையாவது வை, சீக்கிரம், மாவு போதாது, மாவு சின்னது. சுர்மா. ஒட்டகம். ஒட்டகத்தை வை. சுர்மாவின் கண், மை தீட்டிய மாதிரி கறுத்த இமையோரம், பிறந்தபோதே அப்படித்தான், நீண்ட ரெப்பை, புழுதிக்காற்றில் இரட்டை ரெப்பையை மூடிக்கொண்டு என் தோளில் மோவாயை வைக்கும், அதன் வாயிலிருந்து வருகிற புளித்த புல் வாடை, சுர்மா, கண், ரெப்பை, என் சுர்மா.

"சுர்மா, என் சுர்மா, சுர்மாவக் குடுத்துறாதீங்க" என்று மேலே கத்துகிறது ஜின், என் குரலில். அதே சமயம் கீழே நானும் அதையே கத்திக்கொண்டிருக்கிறேன். "வாப்பா, சுர்மா வேணாம். வேற எதையாச்சும் குடுங்க. சுர்மா வேணாம் வாப்பா." இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்கின்றன, ஒன்றுகூடப் பொய்யில்லை, அழுகிறேன், மூக்கு ஒழுக அழுகிறேன், ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு. கூட்டம் மறுபடி சிரிக்கிறது. "அடடா, ஒட்டகத்து மேல இவ்வளவு ஆசையா" என்கிறான் தலைவன். அவன் முகத்தில் மாதுளைச் சாறு. அவன் சுர்மாவை இப்போதுதான் பார்க்கிறான், பல்லைப் பார்க்கிறான், காலைத் தட்டிப் பார்க்கிறான். "பொண்ணு அழுதா சும்மா அழாது. நல்ல உருப்படிதான்." வாப்பாவைப் பார்க்கிறேன். வாப்பாவின் கழுத்து நரம்பு அடங்கிவிட்டது. தோள் தளர்ந்திருக்கிறது. உதட்டோரம் ஒரு சின்ன நெளிவு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, நல்லாச் செஞ்சே என்கிற மாதிரி. ஏன் அப்படிப் பார்க்கிறார். எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ள விடக் கூடாது, கண், ரெப்பை, கறுப்பு. "எடுத்துக்குங்க எசமான்," என்கிறார் வாப்பா, கைகூப்பி, "புள்ள நாலு நாள் அழும், அப்புறம் மறந்துடும்." மீசைக்காரன் மூக்கணாங்கயிற்றை அவிழ்க்கிறான். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறான். சுர்மா திரும்பிப் பார்த்துக் கனைக்கிறது. கோட்டைச் சுவரில் ஒரு சிறிய கதவு இருக்கிறது, இத்தனை வருஷம் அது எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை, அதற்குள் சுர்மா தலையைக் குனிந்து நுழைகிறது, இடப்பக்கம் நிலையில் உரசுகிறது, மாவு, மாவு, மரத்தொட்டி, குவி, குழி பறி, தண்ணீர் ஊற்று, ஊற்று, பிசை, யாரோ என்னை முதுகில் தள்ளுகிறார்கள், போம்மா போ, வழியை விடு, அழுத்து, மடி, திருப்பு, அழுத்து.

வெயில். வாசலுக்கு மேற்கே நிழல் கிடையாது, கண்ணைக் குத்துகிற வெயில் மட்டும்தான், கண் திறப்பதற்குள் எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது, நான் கூப்பிடவே இல்லை, தானே வருகிறது, ஜவ்ஹர், மடக்கிய முழங்கால், நாணல், உப்பு, அவனோடு சேர்த்து வெளியே தள்ளியிருந்த மற்றதும் வருகிறது, அந்த நெளிவு ஏன் என்பதும் வருகிறது. உப்புக்காரர் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லித் தருவது, ஊமைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது: வாசலில் ஒன்றைப் பறிக்கிறார்கள் என்றால், அறிந்தவர் அழ வேண்டும், வெறும் உப்பைச் சுமக்கிற ஒட்டகத்துக்காக அழ வேண்டும், எதற்காக அழுகிறோமோ அதைத்தான் வாசல்காரர்கள் எடுப்பார்கள், வீட்டுக்காரர்களுக்கும் அதுதான் அடையாளம், அதைக் கொடு, அதில் ஒன்றுமில்லை. உம்மா ஒருதடவை ஒரு நொண்டி ஒட்டகத்துக்காக மண்ணில் புரண்டு அழுதாள், அதை அவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், ஒரு வாரம் வீடு பூராவும் சிரித்துக்கொண்டிருந்தோம், ஜவ்ஹர் நொண்டி நொண்டி நடந்து காட்டினான். இதை எப்படி மறந்தேன். மறக்கவில்லை. அவனை நினைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வெளியே எறிந்தபோது இதையும் எறிந்திருக்கிறேன், இது அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாப்பாவின் கை சும்மா அலைந்துகொண்டிருந்தது. சுர்மாவைத் தாண்டியும் போயிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது தாண்டிப் போயிருக்கும். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. அவன் அந்தச் சின்னக் கதவுக்கு அப்பால் கிடங்கின் இருட்டில் இருப்பான், ஆட்டம் நின்றதைக் கவனித்திருப்பான், வெளியே வந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டிருப்பான், இனி லாத்தா வந்து பிரிப்பாள் என்று. மூட்டையை அவிழ்க்கிற கை எதுவானாலும் அவன் அதைப் பார்த்து முதலில் சிரிப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, பிடிப்பார்கள், அடைப்பார்கள், அதெல்லாம் பிறகு, முதலில் அவன் சிரிப்பான்.

"என்னா அழுகை, என்னா அழுகை!" வாப்பா ஓடிவந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். அவரும் அழுகிறார். "உன் உம்மா தோத்தா போ. நான் பயந்தே போயிட்டேன், எதக் காட்டுறதுன்னு தெரியாம, படைச்சவனே, கையில உசுரே இல்ல. டக்குனு நீ குரல் குடுத்தே பாரு."

"சுர்மாவப் பத்தி அழாதே, மவளே" என்கிறார் சாச்சா, தண்ணீர்த் தோலைத் தோளில் போட்டுக்கொண்டே. "அடுத்த சந்தையில இதைவிட அழகா ஒண்ணு வாங்கித் தாரேன். உன்ன மாதிரியே மூக்கு ஒழுகுறதாப் பார்த்து."

"இப்ப சொல்லு" என்கிறார் வாப்பா. "இனி சொல்லலாம். எதுல இருக்கான்? முதல்ல தண்ணி குடுக்கணும் அவனுக்கு."

சொன்னால் திரும்பி ஓடுவார். கதவை இடிப்பார், திறப்பார்கள், நிழலுக்குள் காலை வைப்பார், தகர டப்பா மனசு, அடுத்த மூச்சில் அவர் குரலிலேயே கூண்டிலிருந்து எல்லாம் கொட்டிவிடும், கிடங்கு, சுர்மா, இடப்பக்கம். சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் என்ன என்று என் மனசு போகமாட்டேன் என்கிறது, அங்கே போய் முட்டி முட்டித் திரும்புகிறது. ஒரு ராத்திரி அவனால் உப்புக்குள் கிடக்க முடியும். இரண்டு ராத்திரி முடியுமா. கிடங்குக்காரன் எந்த மூட்டையை முதலில் பிரிப்பான். வாசல் வழியாக மறுபடி உள்ளே போகக்கூடியவள் நான் ஒருத்திதான், இதைத் தலைக்குள் வைத்துக்கொண்டே அந்த நிழலைத் தாண்டக்கூடியவள் நான் ஒருத்திதான், ஆனால் இப்போது என் தலைக்குள் இது மட்டும்தான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை, கையால் துழாவிப் பார்க்கிறேன், வேறொன்றும் இல்லை.

"சொல்லு புள்ள, வாயடைச்சுப்போச்சா?" வாப்பா சிரிக்கிறார். ஜவ்ஹரின் கை சிவந்த நாளிலிருந்து இந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை. பல் எல்லாம் தெரிகிறது, கண்ணோரம் புழுதியும் தண்ணீருமாகச் சேறாகியிருக்கிறது. சாச்சாவுக்குப் பொறுமையில்லை. முதல் ஒட்டகத்திலிருந்தே தொடங்கிவிட்டார், ஒவ்வொரு மூட்டையாக உள்ளங்கையால் தட்டிக்கொண்டு, காதை வைத்துப் பார்த்துக்கொண்டு போகிறார். "டேய் ஜவ்ஹர், வந்துட்டோம்டா. எந்திரி. பொண்ணு பார்க்க வந்திருக்காங்க, எந்திரிடா." பதில் இல்லாத ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். ஆறு ஒட்டகம் இருக்கிறது. வாப்பா என் தலையிலிருந்து கையை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எதிலிருந்து குரல் வரும் என்று, ஆசையாக. நானும் பார்க்கிறேன். சாச்சா ஆறாவது ஒட்டகத்தின் வலப்பக்கத்து மூட்டையைத் தட்டும்வரை வாப்பா இப்படியே சிரித்துக்கொண்டிருக்கட்டும் என்று நான் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறேன்.